ஸ்மார்ட் போட்டுக்கு நான் வைத்த சந்தனம்

எங்கள் பாடசாலையின் ஸ்மார்ட் போட்டை, விரலால் எழுதும் பெரிய மின்திரையை, கெடுத்தது நான்தான். ஐந்து மாதம் நான் கம்பனிக்காரர்களை ஏசினேன், வலயக் கல்விக் காரியாலயத்தை ஏசினேன், மின்சாரத்தை ஏசினேன், மழையைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் பார்த்தால் குற்றம் என் விரலில் இருந்தது. அதனால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்று போனது. அதைச் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தமிழும் சைவமும் படிப்பிக்கிறவள். பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், இப்போது குடியிருப்பது கண்டியில். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து மடுல்கெல்லைக்கு வந்து, அங்கிருந்து த்ரீவீலில் தோட்டத்துப் பாடசாலைக்கு ஏற வேண்டும். பன்னிரண்டு வருடமாக இதே பாதை, இதே குளிர். என் வாயைப் பற்றி ஊரில் நல்ல பெயர் கிடையாது. "டீச்சர் ஏசினா கொழுந்து மலை வரைக்கும் கேக்கும்" என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது எனக்கும் தெரியும். அதைக் கேட்டு நான் உள்ளூரப் பெருமைப்பட்டதும் உண்டு. அந்தப் பெருமைக்கு என்னை நானே இன்றைக்கு என்னவென்று ஏசுவது?

போட் வந்த நாளில் பாடசாலை முழுக்க முற்றத்தில் நின்றது. லொறியிலிருந்து ஆறு பேர் இறக்கினார்கள். கதவைக் கழற்றிப் படுக்கவைத்த அளவுக்கு இருந்தது. எங்கள் பாடசாலை அதிபர் சாதாரணமாகச் சிரிக்காத மனிதர், அன்றைக்கு அவருக்கு வாய் மூடவில்லை. காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் உயர்தரத்தில் கணிதப் பிரிவு கிடையாது. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையும், ஒன்று கண்டிக்குப் போய் தங்கிப் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் கலைப் பிரிவில் உட்கார வேண்டும். தங்க வைக்க எத்தனை வீட்டால் முடியும்? பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் எப்படியோ ஆசிரியர்கள் கிடைத்திருந்தார்கள். இணைந்த கணிதத்துக்குத்தான் மலையேறி வர ஆள் இல்லை. கண்டியில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், முஸ்லிம் பெரியவர், தன் வீட்டிலிருந்தே திரை வழியாகப் படிப்பித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். அந்தத் தைரியத்தில்தான் அதிபர் மேலிடத்தில் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு வருடம் நடத்திப் பார்க்க அனுமதி வாங்கினார். போட் ஓடினால் வகுப்பு, ஓடாவிட்டால் வகுப்பு இல்லை.

போட்டின் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். எனக்கும் கணிதத்துக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் என்னைத் தாண்டி ஒரு பிள்ளை அதில் கை வைக்காது என்று அவருக்குத் தெரியும். சாவி என் கைப்பையில் இருந்தது. என் பழைய சீலை ஒன்றைக் கிழித்து அதற்கு உறை தைத்துப் போட்டேன்.

ஐந்து பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதில் ஒரு பெண் பிள்ளையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒல்லியான உடம்பு, அதிகம் பேசாது, பேசினால் மெல்லப் பேசும், ஒரு வசனத்தை முடிக்க ஊரே காத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை போய்விடும். அம்மா கொழுந்து பறிக்கிறவர், அப்பா இல்லை. அந்தப் பிள்ளைக்கு சர்வேயர் ஆக வேண்டுமாம். டொக்டர், டீச்சர் என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், சர்வேயர் என்று சொன்ன பிள்ளை இதுதான். தோட்டத்தில் வீடு கட்ட நிலம் அளக்க வந்தவர்கள் அதன் கையில் அளவுக் கோலைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முக்காலியில் வைத்த கருவியைக் கண்ணில் வைத்துப் பார்க்கவும் விட்டிருக்கிறார்கள். "தூரத்துல இருக்கிற எடம் எவ்வளவு தூரம்னு அங்க போகாமலே சொல்லலாம் டீச்சர்" என்றது. அதைச் சொல்லும்போது மட்டும் வேகமாகப் பேசியது.

வகுப்பு நன்றாகவே நடந்தது. திரையின் மூலையில் அந்தக் கணித சேருடைய முகம் தெரியும், தலையில் தொப்பி, பின்னால் புத்தக அலுமாரி. அவர் கண்டியில் எழுதுவது இங்கே விழும். இங்கே பிள்ளை போட்டில் விரலால் கணக்குச் செய்தால் அங்கே அவர் பார்த்து, பிழைத்த இடத்தில் சிவப்புக் கோடு இழுப்பார். "மகள், கணக்குக்கு நீங்க பயப்புடாதீங்க, கணக்கு ஒங்களுக்குப் பயப்புடட்டும்" என்பார். நான் பின்வரிசைக் கதிரையில் காவலுக்கு உட்கார்ந்து கொப்பி திருத்துவேன். அந்தப் பெண் பிள்ளை போட்டுக்குப் போனால் சிவப்புக் கோடு அநேகமாக விழாது. ஒரு நாள் அவர் வகுப்பு முடிந்து என்னிடம் போனில், "டீச்சர், இந்தப் புள்ளய விட்டுடாதீங்க. கம்பஸ் போற புள்ள" என்றார், பல்கலைக்கழகத்தைச் சொன்னார். நான் விட மாட்டேன் என்று சொன்னேன்.

அதன்பிறகு நவராத்திரி வந்தது, வாணி விழா.

எங்கள் பாடசாலையில் வாணி விழா என்றால் சும்மா இல்லை. பத்தாம் நாள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். புத்தகம், ஹார்மோனியம், ஆய்வுகூடத் தராசு, காரியாலயக் கம்ப்யூட்டர், தண்ணீர் மோட்டர், காவலாளியின் டோர்ச் லைட் வரைக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. பிள்ளைகளுக்குப் படிப்பு தருகிற பொருள் எல்லாம் சரஸ்வதிதான். அப்படியிருக்க, இவ்வளவு பெரிய போட்டை மட்டும் விட்டுவிடுவேனா? பட்டுச் சீலை கட்டிக்கொண்டு, பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நானே போனேன். மேலே ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, கீழ்ச் சட்டத்தின் நடுவில் மூன்று விரலால் விபூதிக் குறி. சந்தனம் கொஞ்சம் நீர்த்துவிட்டது. மேலே வைத்த பொட்டு வழிந்து, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடுக்கில் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு அதன் மேல் குங்குமம் வைத்தேன். கற்பூரம் காட்டும்போது அதிபர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

அடுத்த வகுப்பில் போட் தன்பாட்டில் எழுதத் தொடங்கியது. யாரும் தொடாமலே கோடு விழுந்தது. சேர் எழுதியது பாதியில் அழிந்தது. பாடம் மூடிக்கொண்டது, வேறு எதுவோ திறந்தது, திரும்பவும் மூடியது. "என்ன டீச்சர் இது, நான் எழுத எழுத ஆரோ அழிக்கிறாங்களே!" என்று அங்கே அவர் கத்துகிறார். ஐந்து பிள்ளைகளும் ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டித் துடைக்கிற அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பூசையில சந்தோசப்பட்டு ஆத்தாளே வந்து எழுதுறா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அவரை அதட்டி அனுப்பினேன். ஆனால் என் மனதிலும் ஒரு மூலையில் அந்த எண்ணம் இருந்தது. சைவம் படிப்பிக்கிறவளுக்கு இருக்காதா?

அதிபர் வலயத்துக்கு எழுதினார். வலயம் கம்பனிக்கு எழுதியதாம். கம்பனி ஆள் வரும்வரை யாரும் கழற்றக் கூடாது, ஈரத் துணி படக் கூடாது, பின்னால் ஒட்டியிருக்கும் முத்திரை கிழிந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று பதில் வந்தது. அதிபர் வெலவெலத்துப் போனார். "டீச்சர், நாம கை வச்சி ஏதாச்சும் ஆனா விசாரணைக்கு நாமதான் நிக்கணும். அவங்க வரட்டும்" என்றார். கூப்பிட்டுக் கேட்டால் அடுத்த கிழமை என்பார்கள். அடுத்த கிழமை கேட்டால் மண்சரிவு, பாதை இல்லை என்பார்கள். பாதை திறந்த பிறகு, வருகிற ஆளுக்கு சுகமில்லை என்றார்கள்.

நான் மட்டும் கடமை தவறவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் காய்ந்த துணியால் போட்டைத் துடைத்தேன். எப்படித் துடைத்தேன் என்று சொல்கிறேன், கேளுங்கள். கண்ணாடியைத் துடைப்பேன், சட்டத்தைத் துடைப்பேன், பொட்டு வந்ததும் கையைத் தூக்கி, அதைத் தாண்டி அந்தப் பக்கம் துடைப்பேன். சாமிக்கு வைத்த பொட்டை நாமாக அழிப்பதா? அது தானாக உதிர வேண்டும். என் வீட்டு நிலைக்கதவில் வைத்த பொட்டையும் நான் அழித்தது கிடையாது. அப்படி ஐந்து மாதம், பொட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். ஐயோ, என் புத்தியை என்னவென்று சொல்ல!

வகுப்பை விட்டுவிடக் கூடாது என்று என் போனில் நடத்திப் பார்த்தோம். மேசையில் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து வைத்து, ஐந்து தலையும் அதைச் சுற்றிக் குனியும். சேர் எழுதும் குறிகள் எறும்பு மாதிரித் தெரியும். பிள்ளைகள் செய்ததை நான் படம் பிடித்து அனுப்ப, அவர் பார்த்துத் திருத்தி அனுப்ப, அடுத்த நாள் ஆகிவிடும். மழை வந்தால் சிக்னல் போய்விடும். எங்கள் மலையில் மழை வராத பின்னேரம் எது? இரண்டு பிள்ளைகளுக்குக் கண்டியில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், அங்கே போய்ச் சேர்ந்துகொண்டார்கள். மற்ற இருவரும் தாங்களே வந்து கலைப் பிரிவுக்கு மாறுகிறோம் என்றார்கள். மிஞ்சியது அந்தப் பெண் பிள்ளை மட்டும்தான். தனியாகப் போனுக்கு முன்னால் உட்கார்ந்து, தெரியாத எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கும்.

அந்த நாட்களில் ஒன்றை மறக்க முடியவில்லை. காலையில் நான் போட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை கையில் கொப்பியோடு வந்து நின்றது. என்ன என்று கேட்டேன். "டீச்சர், அந்தச் சந்தனம்..." என்று இழுத்து, மேல் சட்டத்தை நோக்கிக் கையை நீட்டியது. எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. முந்திய நாள் வலயத்தில் ஒருவர் என்னைப் போனில் அவமரியாதையாகப் பேசியிருந்தார். அதையெல்லாம் சேர்த்துக் கொட்டினேன். "கையை எடு! ஆம்பளைங்க, அதிபர், அதிகாரி எல்லாரும் தொடாம இருக்காங்க, ஒனக்கு என்ன அவசரம்? சாமி பொட்டுல கை வைக்கிறியா? ஒடச்சிட்டா ஒங்க அம்மா வந்து கட்டுவாளா?" என்று கத்தினேன். பிள்ளை கையை மடக்கிக்கொண்டது. கொப்பியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வெளியே போனது. வாசிக்கிற உங்களுக்கு அது என்ன சொல்ல வந்தது என்று புரிந்திருக்கும். என் முன்னால் நின்று சொல்ல வந்தும் எனக்குப் புரியவில்லை.

தவணை முடிவில் கடிதம் வந்தது. ஒரு மாணவிக்காகப் பிரிவை நடத்த முடியாது, போட்டும் இயங்கவில்லை, ஆகவே அனுமதி நிறுத்தப்படுகிறது. அதிபர் பிள்ளையையும் அம்மாவையும் கூப்பிட்டுக் கலைப் பிரிவில் சேரச் சொன்னார். என்னிடம்தான் படிக்கும், தமிழ் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நானும் சொன்னேன். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு வேணாம் சேர்" என்றது. அம்மா என்னைத் தனியாக அழைத்துப் போனார். மலையிலிருந்து நேரே வந்திருந்தார், விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. "நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா டீச்சர். நீங்க கொஞ்சம் ஏசிப் பாருங்க, ஒங்களுக்குன்னா அவளுக்குப் பயம்" என்றார். ஏசினேன். பிடிவாதக்காரி என்றேன், கிடைத்ததைப் படிக்கத் தெரியாதவள் என்றேன். அடுத்த கிழமை அது பாடசாலைக்கு வரவில்லை. கண்டியில் ஒரு ஃபார்மசியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு, எல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, கம்பனி ஆள் வந்தான். சிங்களப் பையன், சின்ன வயது, முதுகில் ஒரு பை. போட்டை இயக்கிப் பார்த்தான். பிறகு மேல் சட்டத்தில் காய்ந்து வெடித்திருந்த சந்தனத்தைக் காட்டி, "மே மொகத மிஸ்?" என்று கேட்டான். இது என்ன என்றுதான் கேட்டான், கேலியாகக்கூட இல்லை. பூசை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான். பையிலிருந்து காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்து, ஒரு மருந்தில் தொட்டு, அந்த இடுக்கில் ஓட விட்டான். மஞ்சளாக வந்தது. பக்கங்களில் துடைத்தான், கீழே விபூதியைத் துடைத்தான். சட்டத்துக்குள் வரிசையாக ஒளிக் கண்கள் இருக்கின்றனவாம், கண்ணுக்குத் தெரியாத ஒளியை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு விடுமாம். அது மறைந்தால் யாரோ விரல் வைத்திருக்கிறார்கள் என்று போட் நினைத்துக்கொள்ளுமாம். உடைந்த தமிழில் இதையெல்லாம் விளங்கப்படுத்தினான். அவனுக்கென்று ஊற்றிய தேத்தண்ணி ஆறுவதற்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது. போட் சொன்னபடி கேட்டது.

அதிபர் என்னை ஒதுக்கமாக அழைத்தார். "வெளியில சொல்ல வேணாம் டீச்சர்" என்றார். நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். நான் வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஐம்பத்து மூன்று வயதில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

கணித சேருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர், "ஈக்கட்டும் டீச்சர், தெரியாமச் செஞ்சது. அந்தப் புள்ள இப்ப எங்க ஈக்கிது?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை அந்த ஃபார்மசிக்குப் போனேன். மார்க்கெட்டைத் தாண்டி ஒரு நெருக்கமான தெரு, நான் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற தெருதான். கண்ணாடி மேசைக்குப் பின்னால் பிள்ளை வெள்ளைக் கோட் போட்டு நின்றது. என்னைக் கண்டதும், "வாங்க டீச்சர், மருந்தா?" என்று கேட்டது. முன்னைவிட மெலிந்திருந்தது. கடையில் ஆட்கள் நின்றார்கள், ஆனாலும் நான் ஒதுக்குப்புறம் தேடவில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனத்தைச் சொன்னேன், பஞ்சுக் குச்சியைச் சொன்னேன். என்னால்தான், என்னை மன்னித்துக்கொள் என்று சொன்னேன்.

பிள்ளை ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் டீச்சர்" என்றது. "தானா தொடுற எடத்தையெல்லாம் நான் கொப்பியில குறிச்சு வச்சேன். மேல இருக்கிற சந்தனத்துல இருந்து நேரா கீழ ஒரு கோடு வரஞ்சேன். பக்கத்துச் சந்தனத்துல இருந்து குறுக்க ஒரு கோடு. ரெண்டும் வெட்டுற எடத்துலதான் ஒவ்வொரு தடவயும் தொட்டுச்சு. அதக் காட்டத்தான் அன்னைக்குக் கொப்பியக் கொண்டு வந்தேன்."

கம்பனி சொல்ல ஐந்து மாதம் எடுத்ததை, தூரத்தில் உட்கார்ந்து, தொடாமலே இந்தப் பிள்ளை அளந்து வைத்திருந்திருக்கிறது. "பிறகாச்சும் சொல்லியிருக்கலாமே, அதிபர்கிட்டயாச்சும்..." என்றேன்.

"ஒங்களுக்குப் பயந்துதான் டீச்சர்."

அதை அது குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை என்று சொல்வது போல் சொன்னது.

திரும்பி வா என்று கெஞ்சினேன். அடுத்த வருடம் புதிய பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரலாம், அதிபர் திரும்பவும் எழுதுவார், சேர் காத்துக்கொண்டிருக்கிறார், என் வீட்டிலேயே தங்கினாலும் சரி என்று என்னென்னவோ சொன்னேன். பிள்ளை தலையை ஆட்டியது. அம்மாவுக்குத் தோள் தூக்க முடியவில்லையாம், மலைக்குப் போவதை நிறுத்தியாயிற்றாம். தம்பி இந்த வருடம் ஆறாம் வகுப்பாம். "இனி ஏலாது டீச்சர்" என்றது. அந்தக் குரலில் அழுகை இருந்திருந்தால் எனக்குத் தேற்ற ஏதாவது இருந்திருக்கும்.

பின்னால் யாரோ மருந்துச் சீட்டை நீட்டினார்கள். அதை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, வழக்கம்போல் மெல்ல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னது. "டீச்சர், இனிமே எந்தப் புள்ளயாச்சும் வந்து ஏதாச்சும் சொல்ல வந்தா, கோவிச்சுக்காதீங்க. முழுசா சொல்லி முடிக்க விடுங்க."

நான் காத்திருந்தேன். அது சொல்லி முடித்துவிட்டது, வேறு ஒன்றும் இல்லை. சீட்டை விரித்து வாசித்துவிட்டு, மருந்து எடுக்க உள்ளே போனது.